தா, இந்தா

சரண்யா மேடம் எங்கள் வீட்டில் கை நனைத்ததே இல்லை. வந்த முதல் நாளே அதைச் சொல்லிவிட்டாள். வயதில் என் கடைசித் தங்கைக்குச் சமம் என்பதால் இங்கே அவள் இவள் என்றுதான் சொல்லப்போகிறேன். நேரில் வாங்க போங்கதான். மரியாதையில் இந்த உஷாராணி யாருக்கும் குறை வைத்தவள் இல்லை.

அவள் வந்தது என் மகன் அரசுக்காக. ஏழு வயது, வாயில் ஒரு வார்த்தை கிடையாது. ஆட்டிசம் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்துக் குடத்துப் பக்கம் இழுப்பான். எனக்குப் புரியத் தாமதமானால் தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வான். அந்தத் தழும்பைப் பார்த்தால் பெற்ற வயிறு என்ன பாடுபடும், சொல்லுங்கள். நான் நாளைக்குச் செத்துப்போனால் இவன் யார் கையைப் பிடித்து இழுப்பான்? பாகூரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு சென்டர் இருக்கிறது என்றார்கள். அங்கே போய்க் கால் தேய நின்றதில், செவ்வாயும் வெள்ளியும் எங்கள் ஊர் மணப்பட்டுக்கு ஆள் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். பிஹேவியர் தெரபி என்று அதற்குப் பெயராம். பெயர் எனக்கு எதற்கு? என் பிள்ளை வாய் திறந்து ஒரு தடவை என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும். அதற்காக நான் யார் காலிலும் விழுவேன்.

முதல் நாள் வில்லியனூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து வியர்த்து விறுவிறுத்து நின்றாள். கடைக்கு ஓடிப்போய் ஜில்லென்று ஒரு கலர் வாங்கி வந்து நீட்டினேன். அவள் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. போற வீட்டுல நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது. சென்டர் ரூல்."

"தண்ணி கூடவா மேடம்?"

"தண்ணி கூடத்தான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அழகான சிரிப்பு, அதில் பொய் சொல்ல மாட்டேன். கலரை நானே குடித்துவிட்டேன்.

இன்னொரு நாள் வாய் தவறி, "இன்னா தங்கச்சி, இளைச்சிப்போயிட்ட?" என்று கேட்டுவிட்டேன். உட்காரவைத்து எனக்குப் பாடம் எடுத்தாள். "என்னை மேடம்னே கூப்பிடுங்கம்மா. நீங்க அக்கா, நான் தங்கச்சின்னு ஆயிட்டா, நாளைக்கு அரசு விஷயத்துல உங்களைக் கண்டிச்சிப் பேசணும்னா எனக்கு வாய் வராது. ஒரு எல்லை இருந்தாதான் நான் உங்களுக்கு உதவியா இருக்க முடியும்." சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் பண்ணக் கூடாது, சொந்தக் கதை கேட்கக் கூடாது என்றும் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்காத மாதிரிதான் சொன்னாள். ஊசி போடுகிற நர்ஸ் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும் என்று சொல்வாளே, அந்தக் குரல். நானும் சரி சரி என்று தலையாட்டினேன்.

அவள் வேலை செய்கிற விதம் இருக்கிறதே, அது பெற்றவள் பார்க்கக் கூடியது இல்லை. பிள்ளை தாகத்தில் தவிப்பான். டம்ளரில் தண்ணீர் அவள் கையில் இருக்கும். கொடுக்க மாட்டாள். "தா. தா சொல்லு அரசு. தா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவன் கத்துவான், தரையில் புரளுவான், மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோவான். அவள் அந்தக் கையை மட்டும் மெல்லப் பிடித்துக்கொள்வாள். "அவன் கேக்காம குடுத்தா, கேக்கணும்னு அவனுக்கு எப்பவுமே தோணாதும்மா. நீங்களும் குடுக்கக் கூடாது" என்பாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் நிற்பேன். ஒரு நாள் தாங்க முடியாமல், "அடிப் பாவி, குடுத்துத் தொலையேன்" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டேன். அவள் கோபப்படவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் "தா" என்றாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் அது நடந்தது. டம்ளரைப் பார்த்தான், அவள் வாயைப் பார்த்தான், "த்தா" என்றான். நான் கேட்டேன், இந்தக் காதால் கேட்டேன். தெருவெல்லாம் ஓடிப்போய்ச் சொன்னேன். கடலிலிருந்து வந்து வலையை உதறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முத்துக்குமரன் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு தண்ணீருக்கு தா, சோற்றுக்கு தா, போனுக்கு தா. வீடு முழுக்க தாதான்.

அந்த வாரம் வலையில் விழுந்த வஞ்சிரத்தில் நடுத்துண்டமாகப் பார்த்து எடுத்து, ஐஸ் வைத்து, வாழையிலையில் சுற்றி அவள் ஸ்கூட்டியில் மாட்டினேன். அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்தாள். "உங்க மனசு எனக்குத் தெரியும்மா. ஆனா வாங்க முடியாது. இன்னிக்கு வாங்கிட்டேன்னா, நாளைக்குக் குடுக்க முடியாதப்போ உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்." இவ்வளவு அன்பாக ஒருத்தி மீனை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. கையில் மீனோடு வாசலில் அசடு மாதிரி நின்றேன்.

பக்கத்து வீட்டு செல்வகுமாரிக்கு இது போதாதா? "ரூலாம் ரூலு! நம்ம வூட்டுத் தண்ணி அவ தொண்டைல எறங்குமா? மீன்காரி வூடுன்னு சொல்லாம சொல்றாடி. உனுக்கு எங்கப் புரியப் போவுது" என்றாள்.

"வாய அலம்பிகினு வாடி. எம்புள்ளைக்கு வாய் குடுத்த பொண்ணு அது. எல்லா வூட்லயும் அதே ரூல்தான். அவளுக்குச் சோறு போடுற எடத்துல சொல்றாங்க, அவ கேக்குறா. உனுக்கு இன்னா நோவுது?" என்று குழாயடியில் வைத்து அவளைக் கிழித்துத் தொங்கப்போட்டேன். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. சரண்யா மேடத்துக்காக நான் போட்ட சண்டை அது. அவளுக்கு அது தெரியாது.

இப்படி இருக்கும்போது அபிஷேகப்பாக்கத்தில் பலராமன் ஐயா வீட்டு விசேஷம் வந்தது. நெல்லும் கரும்புமாக ஊரில் பாதி நிலம் அவருடையது. பேத்தி அனிதாவுக்குக் காதுகுத்து. அந்தக் குழந்தையும் அரசு மாதிரிதான், பாகூர் சென்டருக்குத்தான் போகிறது. சரண்யா மேடம்தான் அதற்கும் பார்க்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். கறி விருந்தோடு வஞ்சிர வறுவலும் வேண்டும் என்று, மீன் விற்கிற எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். மதியத்துக்கு மேல் ஐஸ் பெட்டியை எடுத்து வரலாம் என்று மறுபடி போனேன். பின்பக்கமாகச் சமையல் பந்தலுக்குப் போனால், கீற்றுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பந்தி நடந்துகொண்டிருந்தது.

முன்வரிசையில் சரண்யா மேடம். பட்டுப்புடவை, தலை நிறைய பூ. பலராமன் ஐயாவின் சம்சாரம் பக்கத்திலேயே நின்று, "சாப்பிடு சரண்யா, இன்னா கொறிக்கிற, எலையில இன்னொரு துண்டு வைடா" என்று அதட்டிக்கொண்டிருந்தார். வைத்தார்கள். என் வஞ்சிரம். காலையில் நான் கழுவி, நான் துண்டம் போட்ட வஞ்சிரம். அவள் முள்ளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். பிறகு அந்த வீட்டுச் சொம்பை வாங்கி அண்ணாந்து தண்ணீர் குடித்தாள்.

ஐயோ, என் வயிறு எரிந்த எரிச்சல் இருக்கிறதே! பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்ததும் தெரியாது, வீடு வந்து சேர்ந்ததும் தெரியாது. ஒரு நெல்லு வூடு, ஒரு மீனு வூடு, அதற்கு நடுவில் ரூலாம்! செல்வகுமாரி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? அவள் காறித் துப்பினால் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மேடம் வந்தாள், தன் பாட்டிலோடு. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் நின்றுவிடுவாளோ என்ற பயம். அரசுக்கு இன்னும் எவ்வளவு வார்த்தை பாக்கி இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நடுவில் அரசு "தா" என்றான். தண்ணீர் கொடுத்தாள். பாதி குடித்தான். பிறகு நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தான். நெற்றி வியர்த்திருந்தது அவளுக்கு. டம்ளரை அவள் பக்கம் நீட்டினான்.

"இந்தா" என்றான்.

நெத்திலி ஆய்ந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வார்த்தையை அவள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அவள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் தா, தா, தா. கேட்கத்தான் கற்றுக்கொடுத்தாள். இது என் வார்த்தை. மீன் போடும்போது தெருத்தெருவாக, வீட்டுக்கு வீடு நான் சொல்கிற வார்த்தை. "இந்தாக்கா, இந்தா ஆயா, இந்தா புடி" என்று நாள் முழுக்க என் வாயில் கிடப்பது. மீன் வண்டியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தபடி அதைக் கேட்டுக்கேட்டு, என் பிள்ளை தனக்குள் எடுத்து வைத்திருக்கிறான்.

"சூப்பர் அரசு! எவ்ளோ பெரிய விஷயம்மா இது!" அவள் கண்ணெல்லாம் தண்ணீர். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கிக் கீழே வைத்தாள். அவனுக்குப் பரிசாக முறுக்குத் துண்டு ஒன்றை நீட்டினாள்.

அவன் முறுக்கை வாங்கவில்லை. டம்ளரை எடுத்தான். அவள் வாய்க்கு நேராக நீட்டினான். "இந்தா."

மறுபடியும் வாங்கிக் கீழே வைத்தாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் கொடுத்தால் மனுஷர்கள் குடிப்பார்கள் என்பது அவனுக்குக் கூடத் தெரிகிறது. அவன் கை மெல்ல மணிக்கட்டுப் பக்கம் போனது.

"குடிங்க மேடம்" என்றேன்.

"அம்மா, ரூல்..."

"அபிஷேகப்பாக்கத்துல ரூலு லீவா?"

அவள் முகம் செத்துப்போனது. "நீங்க வந்திருந்தீங்களா?"

"மீனு போட்டதே நாந்தான். வஞ்சிரம் எப்பிடி இருந்துச்சி? முள்ளு கிள்ளு குத்தலையே?"

இல்லை என்று புளுகுவாள், சொந்தக்காரங்க வீடு என்று ஏதாவது கதை சொல்வாள், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சென்டர் நடக்குற கட்டடம் அவங்களுதும்மா. வேணாம்னுதான் சொன்னேன், ரூல்னுதான் சொன்னேன். இன்னா பெரிய ரூலு, உக்காருன்னு கையப் புடிச்சி எலையில உக்கார வெச்சிட்டாங்க. எழுந்து வந்தா சென்டருக்கே போன் போவும். அவங்ககிட்ட என்னால வேணாம்னு சொல்ல முடியலம்மா."

"எங்ககிட்ட?"

"உங்ககிட்ட சொல்ல முடியுது" என்றாள்.

அடப் பாவமே என்று இருந்தது. பளாரென்று ஒன்று வைக்கலாமா என்றும் இருந்தது. எங்கள் மேல் அருவருப்பு என்றால் கூட நான் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பேன். இதற்கு என்ன சொல்லித் திட்டுவது? இந்த அன்பான எல்லை எல்லாம் எங்களை மாதிரித் தாழ்ந்த வாசலில் மட்டும்தான் போட முடியும் போலிருக்கிறது. "நல்லாச் சொன்ன போ!" என்றேன்.

நடுவில் என் பிள்ளை டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். "இந்தா" என்றான் மறுபடியும். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது.

அவள் வாங்கினாள். அவன் எச்சில் பட்ட மீதித் தண்ணீர் அது. வாய் வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். அரசு அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தான். பிறகு சிரித்தான் பாருங்கள், என் ராசா! குதித்துக் குதித்துச் சிரித்தான். காலி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு, தானே குடத்தில் மொண்டு, பாதி தரையில் சிந்த என்னிடம் ஓடி வந்தான். எனக்கும் "இந்தா".

அவள் பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது, "வரேங்கா" என்றாள். அக்கா என்று அவள் என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வரட்டும், பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. ஆறு மணிக்கு முன்னால்தான் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் பாகூருக்கே போனேன். சென்டரின் பெரியவர் செல்லப்பன் சார் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நல்ல மனுஷன்தான்.

"சரண்யா அவங்களே வந்து சொல்லிட்டாங்கம்மா. உங்க வீட்டுல தண்ணி குடிச்சிட்டேன், ரூலை மீறிட்டேன், நெருக்கமாயிடுச்சி, இனிமே அங்க வேற ஆளைப் போடுங்கன்னு. நேர்மையான பொண்ணு. ராஜேஷ்னு ஒரு தம்பிய அனுப்புறேன்."

"தண்ணி குடிச்சதுக்கா சார்? அபிஷேகப்பாக்கத்துல எலை போட்டுச் சாப்பிட்டாங்களே?"

"அது விசேஷம்மா" என்றார். "அது வேற."

அவர் தலைக்கு மேலே சுவரில் பலராமன் ஐயா பெயர் வெட்டின கல் பதித்திருந்தது. மணப்பட்டில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. ஆனால் அங்கே அந்த வாயைத் திறந்தால் ராஜேஷ் தம்பியும் வராமல் போய்விடுவார். கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

அடுத்த செவ்வாய் வரைக்கும் அரசு கையில் டம்ளர்தான். அப்பாவுக்கு இந்தா. ஐஸ் வண்டிக்காரருக்கு இந்தா. செல்வகுமாரி வீட்டுக்குள் நேராகப் போய் அவளுக்கும் நீட்டியிருக்கிறான். பேச்சில்லாமல் இருந்தவள், அந்த எச்சில் தண்ணீரை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு அவனைக் கொண்டுவந்து என்னிடம் விட்டாள். "எங்கடி கத்துகினான் இத?" என்று அழுதாள். ஸ்கூட்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் தண்ணீரோடு வாசலுக்கு ஓடினான்.

ராஜேஷ் தம்பி பைக்கில் வந்தார். தோளில் பை, பையில் பாட்டில். நான் கலர் வாங்க ஓடவில்லை. உட்கார்ந்த உடனே அரசு டம்ளரை நீட்டினான். "இந்தா."

"வெரி குட்" என்று சொல்லிவிட்டு வாங்கித் தள்ளி வைத்தார். அவன் எடுத்து நீட்டினான். அவர் தள்ளி வைத்தார். மறுபடி நீட்டினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரசு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் நின்றான். தண்ணீர் அவர் சட்டையில் சிந்தியது.

"இது ஒரு பழக்கமா ஆயிடுச்சிம்மா. இத நிறுத்துனாதான் மத்த வேலை நடக்கும். நான் சொல்றதவிட நீங்க சொன்னா கேப்பான். வேணாம்னு சொல்லிடுங்க" என்றார். அவரும் அன்பாகத்தான் சொன்னார்.

ஒரு வாய் குடிச்சா கொறைஞ்சா பூடுவ என்று கேட்டிருக்கலாம். பாட்டிலை வாசலில் வைத்துவிட்டு வா, என் வீட்டுக்கும் ஒரு ரூல் உண்டு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பாகூரில் எனக்கு இன்னொரு சென்டர் யார் கட்டி வைத்திருக்கிறார்கள்? அரசு மணிக்கட்டைக் கடிக்க ஆரம்பித்திருந்தான். நான் போய் அவன் முன்னால் மண்டியிட்டு, டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கினேன்.

"வேணாம்டா அரசு" என்றேன்.

அவன் என் வாயைப் பார்த்தான். சரண்யா மேடம் "தா" சொல்லும்போது பார்ப்பானே, அதே பார்வை. "வேணாம். வேணாம்" என்று இன்னும் அழுத்திச் சொன்னேன். கடிப்பதை நிறுத்திவிட்டான். போய்ப் பாயில் உட்கார்ந்தான். ராஜேஷ் தம்பி கேட்டதற்கெல்லாம் "தா" என்றான். நல்ல முன்னேற்றம் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

ராத்திரி சோறு பிசைந்து, முள் எடுத்த மீனை உள்ளே வைத்து உருண்டை பிடித்து அவன் வாய்க்கு நேராக நீட்டினேன். "இந்தாடா கண்ணு" என்றேன்.

என் கையைத் தள்ளிவிட்டான். "வேணாம்" என்றான்.

அத்தனை தெளிவாக, ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல் சொன்னான். அவன் கற்றுக்கொண்ட மூன்றாவது வார்த்தை. அம்மா என்று இன்னும் அவன் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராஜேஷ் தம்பியிடம் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்.